திடீர் சிறுநீரகச் செயலிழப்பு: எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் சிறுநீரகப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக வேலை பார்த்தவள் நான். வார்டு வாசலில் நிற்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "கிரியேட்டினின் எவ்வளவு, குறைந்ததா?" என்றுதான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு கிரியேட்டினின்; சிறுநீரகத்தின் வேலை குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். அது ஏன் ஏறியது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சிகிச்சை முழுக்க அந்த 'ஏன்' மேல்தான் நிற்கிறது. கோயில் மண்டபங்களிலும் குடியிருப்புகளிலும் பேசப் போனபோது நம் மக்கள் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

"கிட்னி திடீரென்று நின்றுவிட்டது" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ சிறுநீரகத்தின் வேலை சட்டென்று குறைவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முழுசாக நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் 2012-இலிருந்து பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் லிட்டருக்குச் சுமார் 26 மைக்ரோமோல் ஏறியிருக்க வேண்டும். அல்லது 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்காகியிருக்க வேண்டும். அல்லது 6 மணி நேரமாகச் சிறுநீர் மிகக் குறைவாகப் போயிருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 6 மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர் கூட வரவில்லை என்றால் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு சின்ன கிளாஸ் அளவு அது.

ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீரகம் அடிபட்ட அன்றே கிரியேட்டினின் ஏறிவிடாது. ஒன்றிரண்டு நாள் பின்தங்கித்தான் காட்டும். "நேற்று ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரி என்றார்கள்" என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

எதனால் வந்தால் என்ன? சிகிச்சை ஒன்றுதானே?

இல்லவே இல்லை. வயிற்றுப்போக்கில் நீர் வற்றி வந்தவருக்கு டிரிப் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதயம் பலவீனமாகி அதனால் சிறுநீர் குறைந்தவருக்கு அதே டிரிப்பை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். புராஸ்டேட் அடைத்தவருக்கு ஒரு குழாய் போட்டால் போதும். சொந்த எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்குகிறவருக்கு ஸ்டீராய்டு நாள் தள்ளாமல் வேண்டும். நால்வருக்கும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 400 என்றே இருக்கலாம்.

முன்னால், உள்ளே, பின்னால் என்று டாக்டர் ஏதோ சொன்னார். புரியவில்லை.

தே தாரிக் கடையில் துணி வடிகட்டியைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரில் தேநீர் இறங்கவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். மேலே சுடுநீர் ஊற்றவில்லை. அல்லது துணியே கெட்டுவிட்டது. அல்லது கீழே வழி அடைத்திருக்கிறது. சிறுநீரகமும் அப்படித்தான். போதுமான ரத்தம் வந்து சேராதது முதல் வகை. சிறுநீரகத்தின் உள்ளேயே வடிகட்டி முடிச்சுகளோ, நுண்குழாய்களோ, அவற்றைச் சுற்றிய சதையோ பழுதாவது இரண்டாவது. சிறுநீர் இறங்கும் பாதை அடைபடுவது மூன்றாவது.

நடைமுறையில் இவை கலந்தும் வரும். ரத்தம் வராத நிலை நீண்டுகொண்டே போனால் நுண்குழாய்கள் செத்து, முதல் வகை இரண்டாவது வகையாகிவிடும். அதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் எல்லா அவசரத்துக்கும் காரணம்.

ரத்தம், சிறுநீர் எடுத்துவிட்டார்கள். பிறகும் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

காரணத்தின் பாதி அந்தக் கேள்விகளின் பதிலில்தான் கிடைக்கும். கடந்த இரண்டு மூன்று வாரத்தில் என்ன நடந்தது? வாந்தி, பேதி, காய்ச்சல் இருந்ததா? வெள்ளத்தில் நடந்தீர்களா, லோங்காங் (சாக்கடை) சுத்தம் செய்தீர்களா, காட்டுக்குப் போனீர்களா? தெபுவான் குளவி கொட்டியதா? பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி செய்தீர்களா? பிள்ளைக்குத் தொண்டை வலியோ தோலில் சொறிப்புண்ணோ வந்து ஆறியதா? புதிதாக என்ன மாத்திரை, என்ன வேர், என்ன பொடி?

கடைசிக் கேள்விக்குத்தான் நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை. டாக்டர் திட்டுவார் என்ற பயம். ஒரு அம்மாவுக்கு நான்கு நாளாகக் காரணம் பிடிபடவில்லை. பார்க்க வந்த பேத்திதான் மெதுவாகச் சொன்னாள், பாட்டி மூட்டு வலிக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பொட்டலத்தைத் தினமும் சாப்பிடுகிறார் என்று. தயவுசெய்து சொல்லிவிடுங்கள், அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுவாருங்கள்.

நீர் வற்றியதால் வந்தது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

நாக்கு உலர்ந்திருக்கும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழும். சிறுநீர் குறைந்து, அடர்ந்து வரும். ஆனால் நல்ல சாட்சி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ரத்தம் குறைவாக வரும்போது, உள்ளே நலமாக இருக்கும் சிறுநீரகம் கஞ்சத்தனம் செய்யும்: சோடியத்தையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். வடிகட்டப்பட்ட சோடியத்தில் ஒரு விழுக்காடு கூட வெளியே வராது. நுண்குழாய்கள் செத்திருந்தால் பிடித்துவைக்கும் திறனே போய்விடும். இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஒழுகும்.

யூரியா என்ற இன்னொரு கழிவும் உதவும். யூரியாவையும் கிரியேட்டினினையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தால், நீர் வற்றியவருக்கு யூரியா கிரியேட்டினினைப்போல் 100 மடங்குக்கு மேல் இருக்கும். யூரியா 22 மில்லிமோல், கிரியேட்டினின் 160 மைக்ரோமோல் என்றால் 137 மடங்கு. சந்தேகம் நீர் வற்றலின் பக்கம் சாயும். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருந்தாலும், ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் யூரியா இப்படித் தனியாக ஏறும். அதுபோல, நீர் மாத்திரை சாப்பிடுகிறவரின் சிறுநீர்ச் சோடியத்தை அப்படியே நம்பக் கூடாது. அந்த மாத்திரையே சோடியத்தை வெளியே தள்ளும். அவர்களுக்கு யூரியா எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். 35-க்குக் கீழே என்றால் ரத்தம் வராத வகை.

இன்னும் ஒரு சிக்கல். கால் வீங்கி, வயிறு உப்பி வருகிறவருக்கும் இதே வகை வரலாம். இதயமோ கல்லீரலோ கெட்டால் உடம்பெல்லாம் நீர் நிற்கும், சிறுநீரகத்துக்கு மட்டும் ரத்தம் போய்ச் சேராது. இந்த இடத்தில்தான் "நிறைய பார்லி தண்ணீர் குடி, கிட்னி கழுவப்படும்" என்ற வீட்டு வைத்தியம் ஆளைக் கொல்லும்.

தைப்பூசக் காலத்தில் இதை நினைவில் வையுங்கள். விரதம், தூக்கம் கெட்ட இரவு, சுடும் தார்ச்சாலையில் தண்ணீர்மலைக் கோயில் வரை காவடி. இளைஞர்கள் தாங்கிவிடுவார்கள். இனிப்பு நீரும் பிரஷரும் உள்ள பெரியவர்கள் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டிப் போகாமல் நின்று குடித்துவிட்டுப் போகட்டும். முன்னதாகவே டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டும் போகட்டும்.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமாமே? பெனடோலுமா?

பெனடோல் என்னும் பாரசிட்டமால் சரியான அளவில் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானதே. பயப்பட வேண்டியது வோல்ட்டரன், பொன்ஸ்டான், ஐபுபுரூஃபன் குடும்பம்.

சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்நாளம் ஒன்று, வெளியே கொண்டுபோகும் நாளம் ஒன்று. உடம்பில் நீர் குறைந்தால், உள்ளே வரும் நாளத்தை விரித்தும் வெளியே போகும் நாளத்தைச் சுருக்கியும் சிறுநீரகம் தன் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வலி மாத்திரை முதல் வேலையைக் கெடுக்கிறது. பெரின்டோபிரில், எனலாபிரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் இரண்டாவதைத் தடுக்கின்றன. நீர் மாத்திரை இருக்கிற நீரையும் குறைக்கிறது. மூன்றும் ஒருவர் உடம்பில் சேர்ந்து, ஒரு பேதியும் வந்தால் தாங்காது.

என் அப்பாவுக்கே நடந்தது. முழங்கால் வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். அவர் பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுவதை யாரும் கேட்கவில்லை. பத்து நாளுக்கு வோல்ட்டரன் கொடுத்து அனுப்பினார்கள். நடுவில் ஒரு கல்யாண விருந்து, இரண்டு நாள் பேதி. முந்தைய மாதம் 98 இருந்த கிரியேட்டினின் 312 ஆகியிருந்தது. சிறுநீரில் ரத்தமோ புரதமோ இல்லை, சோடியம் குறைவு, அல்ட்ராசவுண்டில் அடைப்பு இல்லை. மாத்திரைகளை நிறுத்தி, அளந்து டிரிப் ஏற்றினார்கள். ஆறு நாளில் 110-க்கு இறங்கியது. நான் வார்டில் ஆயிரம் பேருக்குச் சொன்னதை என் வீட்டில் சொல்லத் தவறியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பேதியும் வாந்தியும் உள்ள நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள்.

சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போகிறது. ரத்தமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் மலிவானது, நிறைய சொல்லும். முதலில் நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைப்பார்கள். 'ரத்தம்' என்று காட்டினால், சிறுநீரைச் சுழற்றி அடியில் படிவதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிவப்பணுக்கள் தெரிந்தால் உண்மையிலேயே ரத்தம். பட்டை 'ரத்தம்' என்கிறது, மைக்ராஸ்கோப்பில் ஒரு சிவப்பணுவும் இல்லை என்றால் கதை வேறு: தசை சிதைந்து அதன் நிறப்பொருள் வருகிறது, அல்லது சிவப்பணுக்கள் ரத்த நாளத்துக்குள்ளேயே உடைந்து அவற்றின் நிறப்பொருள் வருகிறது. பிரித்தெடுத்த ரத்த நீர் தெளிவாக இருந்தால் தசை. இளஞ்சிவப்பாக இருந்தால் உடைந்த சிவப்பணு.

தசை சிதைவது பழக்கமில்லாமல் ஜிம்மில் ஒரே நாளில் உயிரை விடுகிறவர்களுக்கும், வெயிலில் கொடிமலைக்கு ஓடி ஏறுகிறவர்களுக்கும், இடிபாட்டில் சிக்கியவர்களுக்கும், சில சமயம் கொலஸ்ட்ரால் மாத்திரையாலும் வரும். தொடை கல்லாக வலிக்கும். சிகே என்ற தசை நொதி 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. சிவப்பணு உடைவதற்கு நம் நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஜி6பிடி குறை, அதாவது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள். அந்தக் குறை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம்.

உண்மையான ரத்தமாக இருந்து, சிவப்பணுக்கள் நசுங்கிக் கோணலாகவோ, நுண்குழாயின் வடிவத்திலேயே அச்சாகி உருளையாகவோ வந்தால், வடிகட்டி முடிச்சே அழன்றிருக்கிறது. கூடவே புரதம் போகும், முகம் வீங்கும், பிரஷர் ஏறும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து 1 முதல் 3 வாரத்திலும், சொறிப்புண் வந்து 3 முதல் 6 வாரத்திலும் இப்படி வரும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். இளம்பெண்ணுக்கு மூட்டு வலி, முடி கொட்டுதல், முகத்தில் சிவப்பு இருந்தால், சொந்த எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயைத் தேடுவார்கள். கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறினால் நாள் கடத்தக் கூடாது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி இங்கேதான் மிகவும் தேவைப்படும்.

சேற்று நிறத்தில் மணல்மணலாக உருளைகள் தெரிந்தால், நுண்குழாய்கள் செத்து உதிர்ந்திருக்கின்றன. கடும் கிருமித்தொற்று, நீண்ட நேரம் தாழ்ந்த பிரஷர், சில ஆன்டிபயாட்டிக்குகள் இதைச் செய்யும். வெள்ளணு உருளைகள் வந்து, கிருமி வளராமல், புதிதாக மருந்து தொடங்கியிருந்தால் அந்த மருந்தின் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். பென்சிலின் வகைகள், ரிஃபாம்பிசின், ஏன், ஒமெப்ரசோல் என்ற வயிற்று மாத்திரை கூட. காய்ச்சல், தோல் தடிப்பு, ஒவ்வாமை அணு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் நம்புவேன் என்று காத்திருந்தால் பெரும்பாலானவர்களைத் தவறவிடுவோம்.

வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல், சிறுநீர் குறைவு. டெங்கியா, எலிச் சிறுநீர்க் காய்ச்சலா?

2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதே, அந்த வாரங்களில் இந்தக் கேள்வி ஓயவில்லை. கென்சிங் திக்கூஸ் என்று எல்லாரும் சொல்லும் லெப்டோஸ்பைரா கிருமி, எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலில் உள்ள கீறல் வழியாக நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். ஆகவே வெள்ளம் வடிந்து மறந்தே போன பிறகுதான் ஆள் படுப்பார்.

இரண்டிலும் காய்ச்சல், உடல்வலி, பிளேட்லெட் குறைவு. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துவது, பீளையில்லாமல் சிவந்த கண், மஞ்சள் காமாலை இருந்தால் லெப்டோ பக்கம் சாய்கிறது. இன்னொரு நல்ல அடையாளம்: சிறுநீரகம் கெட்டால் பொதுவாகப் பொட்டாசியம் ஏறும், லெப்டோவில் பல நேரம் குறைந்திருக்கும், சிறுநீரும் போய்க்கொண்டேயிருக்கலாம். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாட்களில் ரத்த நீர் நாளத்தை விட்டுக் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, சிறுநீரகத்துக்கு ஓட்டம் குறைகிறது. லெப்டோவுக்கு ஆன்டிபயாட்டிக் உடனே வேண்டும். டெங்கிக்கு அளந்து கொடுக்கும் நீர்தான் மருந்து. சந்தேகமான நேரத்தில் சோதனை முடிவுக்குக் காத்திராமல் லெப்டோவுக்கான மருந்தைத் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. லெப்டோ 2010-இலிருந்து மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். இரண்டுக்குமே வோல்ட்டரன், பொன்ஸ்டான் ஆகாது.

காட்டுக்குப் போய் வந்தவர் என்றால் குரங்கு மலேரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், சிறுநீரகத்தை வேகமாகத் தாக்கும்.

ஜெரிங், பெலிம்பிங், ஜாமு: இவை உணவுதானே?

ஜெரிங் கொட்டையை உலாமாக, அதாவது பச்சையாகச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் விலாவில் பிடுங்கும் வலி, ரத்தச் சிறுநீர், பிறகு சிறுநீரே இல்லை என்று வருகிறவர்கள் உண்டு. அதிலுள்ள ஜெங்கோலிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து பாதையைக் குத்தி அடைக்கிறது. எல்லாருக்கும் வராது; நேற்று சாப்பிட்டுச் சும்மா இருந்தவருக்கு இன்று வரலாம். பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்திலும், கொலஸ்ட்ரால் குறையும் என்று சாறு பிழியும் புளிப்புப் பெலிம்பிங் பூலோவிலும், சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஆக்சலேட் அதிகம். ஒரு பழம் சாப்பிடுவது வேறு, வெறும் வயிற்றில் லோட்டா நிறைய சாறு குடிப்பது வேறு. ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பெலிம்பிங்கைத் தொடவே வேண்டாம்; விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

ஜாமு என்ற மூலிகை மருந்து, வேர்ப்பொடி விஷயத்தில் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒட்டுப்படமும் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். பதிவில்லாதவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பது அடிக்கடி பிடிபடுகிறது. "ஒரே நாளில் மூட்டு வலி பறந்துவிட்டது" என்றால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. இந்தோனேசியாவில் 2022-இல் நச்சு கலந்த பிள்ளைகளுக்கான சிரப்பால் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், சிறுநீரகம் நின்றுபோய்.

அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் போகிறதே, அடைப்பு எப்படி இருக்கும்?

நிரம்பி வழிவதும் போவதுபோல்தான் தெரியும். பெரியவர் ஒருவர் அரை மணிக்கொரு தடவை சொட்டுச் சொட்டாகப் போனார். குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பதும் அல்ட்ராசவுண்டும் போதும். அடைப்பு எளிதில் சரிசெய்யக் கூடியது, அதனால்தான் அதை முதலிலேயே தேடுகிறார்கள். ஒரு பக்கக் கல் மட்டும் கிரியேட்டினினை இவ்வளவு ஏற்றாது, இன்னொரு சிறுநீரகம் நலமாக இருந்தால். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரு பக்கக் குழாயையும் நெருக்கலாம். அடைப்பு விலகியதும் சிறுநீர் வெள்ளமாகப் போகும். அந்த நேரத்தில் உப்பும் நீரும் இழக்காமல் பார்க்க வேண்டும்.

இது புதிதா, பல ஆண்டாக உள்ளே இருந்ததா?

பழைய ரிப்போர்ட் ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுச் சுகாதார நிலையத்தின் புத்தகத்தை எறியாதீர்கள். இல்லையென்றால் சிறுநீரகத்தின் நீளத்தைப் பார்ப்பார்கள்: 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகச் சுருங்கியிருந்தால் பழையது. இனிப்பு நீரால் கெட்ட சிறுநீரகம் சுருங்காமலும் இருக்கலாம் என்பதால், அவர்களுக்கு அளவை மட்டும் நம்ப முடியாது. 2023 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பழைய பாதிப்பின் மேல் புதிய அடி விழுவதே நம் வீடுகளில் அதிகம்.

ஒரு தடவை டயாலிசிஸ் செய்தால் வாழ்நாள் முழுக்கவா?

இல்லை. இந்தப் பயத்தில் கையெழுத்துப் போடாமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், ரத்தத்தில் ஏறும் அமிலம், நுரையீரலில் நீர், யூரியாவால் மனக்குழப்பம் அல்லது இதய உறையில் அழற்சி: இவை வந்தால் டயாலிசிஸ் உயிர் காக்கும். இவை இல்லாதபோது முன்கூட்டியே தொடங்குவதால் கூடுதலாக யாரும் பிழைப்பதில்லை என்று 2020-இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. எனவே டாக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அது அலட்சியம் ஆகாது. செத்த நுண்குழாய்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் திரும்ப வளரும். மூன்று மாதம் தாண்டியும் மீளாவிட்டால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள்.

எப்போது ஓட வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்?

அரை நாளாகச் சிறுநீர் இல்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, கை கால் துவள்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் 999-ஐ அழையுங்கள், அல்லது ஜி.எச். (அரசுப் பெரிய மருத்துவமனை) அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். சிறுநீர் குறைந்தவருக்குக் குளிர்ச்சி என்று இளநீர் கொடுக்காதீர்கள்; அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: வீட்டில் உள்ள எல்லா மாத்திரையும் பொடியும் எண்ணெயும் ஒரே பையில், பழைய ரத்த ரிப்போர்ட், கடைசியாக எப்போது, எவ்வளவு சிறுநீர் போனது என்ற குறிப்பு. முடிந்தால் அந்தச் சிறுநீரைச் சுத்தமான குப்பியில். நிறத்தை டாக்டர் கண்ணால் பார்க்கட்டும்.